ஸ்வீட்டை விடாமல் எடையைக் குறைக்க முடியுமா? (கொஞ்சம் நீளமான திரெட்)

1/
"டாக்டர், வெயிட் குறையணும். ஆனா ஸ்வீட் இல்லாம என்னால இருக்க முடியாது. என்ன பண்றது?"

கிளினிக்ல வாரத்துக்கு நாலு பேராவது இதைக் கேட்டுடறாங்க. எனக்கும் அதே நாக்கு, அதே எடைப் பிரச்சினை. அதனால புத்தகத்துல இருக்கறதோட என் வீட்ல நடந்ததையும் சேர்த்துச் சொல்றேன்.

டீ குடிச்சுக்கிட்டே படிங்க. அந்த டீயில எத்தனை ஸ்பூன் போட்டிருக்கீங்கன்னு மட்டும் எண்ணி மனசுல வச்சுக்கோங்க. பின்னாடி தேவைப்படும்.

2/
எனக்குச் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். எங்க ஊர் பால்கோவாவுக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சது. பக்கத்துல கோவில்பட்டி. அவங்க கடலைமிட்டாய்க்கு 2020ல. இன்னும் கொஞ்சம் தெற்கே போனா திருநெல்வேலி அல்வா. இப்படி ஒரு ஊர்ல பிறந்தவனைப் பார்த்து "ஸ்வீட்டை விட்டுடு"ன்னு சொன்னா, ஊரை விட்டே போயிடுன்னு சொல்ற மாதிரி.

இன்னொன்னு. எங்க பக்கம் வெள்ளைச் சர்க்கரையைச் சீனின்னு சொல்வோம். இந்தத் திரெட்லயும் அப்படியே எழுதறேன். சர்க்கரை நோயோட குழம்பாம இருக்கும்.

3/
44 வயசுல எனக்கு நானே பரிசோதனை பண்ணிக்கிட்டேன்.

எடை 84 கிலோ. உயரம் 168 செ.மீ. பிஎம்ஐ கிட்டத்தட்ட 30. இடுப்புச் சுற்றளவு 101 செ.மீ. எச்பிஏ1சி 6.1.

இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23ஐத் தாண்டினாலே அதிக எடை, 25ஐத் தாண்டினா உடல் பருமன். இடுப்பு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.க்குள்ள இருக்கணும். எச்பிஏ1சி 5.7ல இருந்து 6.4 வரைக்கும் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 6.5ன்னா சர்க்கரை நோய்.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். தாத்தாவுக்கும். அடுத்த சீட்டு எனக்குத்தான்னு அந்த ரிப்போர்ட் சொல்லுச்சு.

4/
14 மாசத்துல 9 கிலோ குறைஞ்சது. இப்போ 75. எச்பிஏ1சி 5.7. பிஎம்ஐ இன்னும் 26க்கு மேலதான், அதனால வேலை முடிஞ்சுடலை.

இந்த 14 மாசமும் வாரம் ரெண்டு நாள் ஸ்வீட் சாப்பிட்டேன். பால்கோவா, அல்வா, அதிரசம் எல்லாம்தான். என் மனைவி, பிள்ளைங்க முன்னாடி, சாப்பாட்டு மேஜையில உக்காந்து சாப்பிட்டேன்.

"முன்னாடி உக்காந்து"ங்கறது ரொம்ப முக்கியம். ஏன்னு புரிய எங்க அப்பா கதையைச் சொல்லணும்.

5/
அப்பா பள்ளிக்கூட வாத்தியார். 50 வயசுல சர்க்கரை நோய்னு தெரிஞ்சது. உடம்பும் கனம். "எடையைக் குறைங்க, இனிமே ஸ்வீட் கூடவே கூடாது"ன்னு சொல்லி அனுப்பினாங்க.

அம்மா அதைச் சட்டமாவே எடுத்துக்கிட்டாங்க. சீனி டப்பா பீரோவுக்குள்ள போச்சு. தீபாவளிக்கு வந்த ஸ்வீட் அப்படியே பக்கத்து வீட்டுக்குப் போச்சு. வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க ஆளாளுக்குப் போலீஸ். ஒரு கல்யாணப் பந்தியில எங்க அத்தை எட்டு இலை தள்ளி உக்காந்துக்கிட்டுச் சத்தமா, "அண்ணே, அந்த லட்டை ஓரமா வைங்க!"ன்னாங்க. மொத்தப் பந்தியும் திரும்பிப் பார்த்துச்சு.

எல்லாமே பாசம்தான். அதுல சந்தேகமே இல்லை.

6/
சாயங்காலம் நடக்கச் சொல்லியிருந்தாங்க. அப்பா ஒரு நாள்கூடத் தவறாம நடந்தார். வீட்ல எல்லாருக்கும் பெருமை.

அந்த நடை ஒரு டீக்கடையில போய் நிக்கும். மூணு ஸ்பூன் சீனி போட்டு ஒரு டீ. பக்கத்துக் கடையில கருப்பட்டி மிட்டாய். திரும்பி வரும்போது வாயைக் கொப்பளிச்சுட்டு வருவார்.

7/
ரத்தப் பரிசோதனை ஒவ்வொரு தடவையும் அதிகமாவே வந்துச்சு. எடையும் குறையலை. டாக்டர் கேட்பார், "சார், ஸ்வீட் ஏதும் சாப்பிடறீங்களா?" அப்பா வாயைத் திறக்கறதுக்குள்ள அம்மா, "தொடவே விடறதில்லைங்க டாக்டர்."

அவர் மாத்திரையைக் கூட்டினார். அடுத்த தடவை இன்னும் கூட்டினார். அவர் இடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். அவருக்குக் கிடைச்ச தகவல் அவ்வளவுதான்.

8/
ஐப்பசியில தொடர்ந்து நாலு நாள் மழை. அப்பா வெளியே போகலை. டீக்கடை இல்லை, மிட்டாய் இல்லை. ராத்திரிச் சாப்பாடும் ரெண்டு இட்லியோட முடிஞ்சது. மாத்திரை மட்டும் அதே அளவு.

மூணாவது நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு உடம்பெல்லாம் வேர்த்து ஊத்துது, பேச்சு குழறுது, கூப்பிட்டாப் பதில் இல்லை. பக்கவாதம்னு நினைச்சு அம்மா அலறிட்டாங்க. ஆஸ்பத்திரியில பார்த்தா ரத்தச் சர்க்கரை 38. ஊசி வழியா குளுக்கோஸ் ஏத்தின கொஞ்ச நேரத்துல கண் முழிச்சார். இன்னும் ஒரு மணி நேரம் யாரும் கவனிக்காம விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்போ நினைச்சாலும் எனக்குக் கை நடுங்கும்.

ஏறியிருந்த மாத்திரை, அப்பா வெளியே சாப்பிட்ட சீனிக்கும் சேர்த்துப் போட்ட அளவு. சீனி நின்னதும் அதே மாத்திரை சர்க்கரையைத் தரைக்கு இறக்கிடுச்சு.

9/
நான் அப்போ மதுரையில எம்பிபிஎஸ் கடைசி வருஷம். மறுநாள் பஸ் பிடிச்சு வந்து கட்டில் பக்கத்துல உக்காந்து கேட்டேன், "வெளியே ஏதாவது சாப்பிடறீங்களாப்பா?"

அப்பா முதல்ல கதவைப் பார்த்தார், அம்மா நிக்கறாங்களான்னு. அப்புறம் மெதுவா, "வீட்ல ஒரு துண்டு குடுத்தா நான் ஏன்டா கடைக்குப் போறேன்? கேட்டா ஏச்சு. கேக்காமத் தின்னா யாருக்கும் தெரியாதுல்ல."

முப்பது வருஷம் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்த மனுஷன், அரைக்கால் பரீட்சையில பிட் அடிச்ச பையன் மாதிரி தலையைக் குனிஞ்சிருந்தார்.

10/
தடை போட்டா ஸ்வீட் குறையும்னு நினைக்கிறோம். நிறைய வீடுகள்ல ஸ்வீட்டைப் பத்தின பேச்சுதான் குறையுது. சாப்பிடறது அப்படியே இருக்கும், கணக்கு மட்டும் காணாமப் போயிடும்.

எடை குறைக்கிறவங்க இதையே தனக்குத்தானே பண்ணிக்கிறாங்க. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் "ஸ்வீட்டைப் பார்க்கவே மாட்டேன்." சனிக்கிழமை ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் ஃப்ரிட்ஜ் வெளிச்சத்துல ஒரு லட்டு. "போச்சு, டயட் போச்சு, இனி என்ன"ன்னு மிச்ச அஞ்சும் உள்ள போயிடும். எடையைக் கூட்டறது அந்த முதல் லட்டு இல்லைங்க, "போச்சு"ன்னு நினைச்சதுக்கு அப்புறம் சாப்பிட்ட அஞ்சு.

11/
அடுத்தவங்களுக்குத் தெரியாமச் சாப்பிடறது ஒரு வகை. நமக்கே தெரியாமச் சாப்பிடறது இன்னொரு வகை. ரெண்டாவது இன்னும் பெரிசு.

தையல் வேலை பார்க்கிற ஒரு அம்மா வந்தாங்க. நாற்பதுக்கு மேல வயசு.

"சார், ஸ்வீட்டை விட்டு மூணு மாசம் ஆச்சு. ஒரு கிலோகூட இறங்கலை."
"டீ எத்தனைம்மா?"
"அது இருக்கும் சார், அஞ்சு. மெஷின்ல உக்காந்தா டீ இல்லாம ஓடாது."
"சீனி?"
"ரெண்டு ரெண்டு ஸ்பூன்தான்."
"கூட?"
"ரெண்டு நேரம் பிஸ்கட். மூணு மூணு. அது ஸ்வீட்டா சார்?"

12/
சேர்ந்து கணக்குப் போட்டோம்.

ஒரு டீஸ்பூன் தட்டையா எடுத்தா 4 கிராம் சீனி. ஒரு கிராமுக்கு 4 கலோரி. 5 டீ, 2 ஸ்பூன்: ஒரு நாளைக்கு 40 கிராம், 160 கலோரி. வருஷத்துக்கு 14 கிலோவுக்கு மேல சீனி, டீயில மட்டும். குமிச்சு அள்ளினா இன்னும் கூடும். மெல்லிசான டீ பிஸ்கட் ஆறு, சுமார் 150 கலோரி.

அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அப்போ நான் விட்ட ஜிலேபி?"

"அது மாசத்துக்கு ரெண்டு தடவைதானே சாப்பிட்டீங்க."

ரொம்பப் பிடிச்சதை விட்டுட்டாங்க. சாப்பிடறோம்னே தெரியாததை வச்சுக்கிட்டாங்க. முக்கால்வாசிப் பேர் டயட் இப்படித்தான் நடக்குது.

13/
உலக சுகாதார நிறுவனம் 2015ல சொன்ன அளவு: ஒரு நாளைக்கு எடுக்கிற மொத்தக் கலோரியில சேர்க்கப்பட்ட சர்க்கரையோட பங்கு 10 சதவீதத்துக்குக் கீழே இருக்கணும். 5 சதவீதத்துக்குக் கீழே போனா இன்னும் நல்லது. 2000 கலோரி சாப்பிடறவருக்கு 10 சதவீதம்னா 50 கிராம். 5 சதவீதம்னா 25 கிராம், அதாவது சுமார் 6 டீஸ்பூன்.

தேனும் பழ ஜூஸும் இதுல சேரும். முழுப் பழத்துல இருக்கறதும் பால்ல இயற்கையா இருக்கறதும் சேராது.

14/
இனி நான் செஞ்சது, நோயாளிகளுக்குச் சொல்றது.

முதல்ல டீ. ரெண்டு ஸ்பூனை ஒரே நாள்ல நிறுத்தாதீங்க, நாலாம் நாள் திரும்பிடும். ஒன்றரை, ரெண்டு வாரம் கழிச்சு ஒண்ணு, அப்புறம் அரை. நாக்கு பழகிடும். ஒரு மாசம் ரெண்டு மாசம் கழிச்சுப் பழைய டீயைக் குடிச்சா பாயசம் மாதிரி இருக்கும். டீயில மிச்சம் பிடிச்சதுதான் ஞாயிற்றுக்கிழமை பால்கோவாவுக்கு முதலீடு.

15/
ரெண்டாவது, நேரம். ஸ்வீட்டைச் சாயங்காலம் நாலு மணிப் பசியில தொடாதீங்க. வெறும் வயித்துல ஸ்வீட் ஒண்ணோட நிக்காது. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் சாப்பிடுங்க. காய், பருப்பு, முட்டை, மீன்னு வயிறு ஏற்கெனவே நிறைஞ்சிருக்கும். நார்ச்சத்தும் புரதமும் முன்னாடி போயிருந்தா ரத்தத்துல சர்க்கரை ஏறற வேகமும் குறையும். பந்தியில பாயசத்தைக் கடைசிப் பக்கமா ஊத்துற நம்ம வழக்கம் இந்த விஷயத்துல வசதியானது.

16/
மூணாவது, பண்டமாற்று. ஸ்வீட் சாப்பாட்டோட கூடுதலா வரக்கூடாது, சாப்பாட்டுக்குப் பதிலா வரணும். நடுத்தர குலாப் ஜாமூன் ஒண்ணு சுமார் 150 கலோரி. 115 கிராம் சோறும் ஏறக்குறைய அவ்வளவுதான். அன்னைக்குத் தட்டுல அந்த அளவு சோற்றைக் குறைச்சுக்கோங்க. ஸ்வீட்ல சீனி மட்டும் இல்லை, நெய்யும் இருக்கு. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி. மைசூர்பாக்ல ஒரு சின்னத் துண்டே போதும்னு சொல்றது அதனாலதான்.

17/
நாலாவது, வாங்கற அளவு. வீட்ல அரைக் கிலோ இருந்தா அரைக் கிலோவும் தீரும். நான் கடையிலயே 50 கிராம் நிறுத்து வாங்கிடுவேன். தீர்ந்தா அந்த வாரத்துக்கு அவ்வளவுதான். ஸ்டாக் வச்சுக்கிட்டு மன உறுதியைச் சோதிக்க வேண்டாம். களைச்சுப்போன ராத்திரி பத்து மணிக்கு எந்த மன உறுதியும் வேலை செய்யாது.

18/
அஞ்சாவது, வெளிப்படையா சாப்பிடறது. கிண்ணத்துல போட்டு, உக்காந்து, போன் டிவி இல்லாம, மெதுவா. வீட்ல எல்லாருக்கும் தெரியணும்.

அந்த மழைக்கு அப்புறம் டாக்டர்கிட்ட உண்மையைச் சொன்னோம். மாத்திரையைக் குறைச்சு மாத்தி எழுதினார். அம்மா பீரோவைத் திறந்தாங்க. ஒவ்வொரு ஞாயிறும் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்துல ஒரு ஸ்பூன் பால்கோவா. அப்பா அதைக் கால் மணி நேரம் சாப்பிடுவார். டீக்கடை நடை தானாவே பார்க் பக்கம் திரும்பிடுச்சு. அடுத்த ஒரு வருஷத்துல 6 கிலோ குறைஞ்சார். அதுக்கப்புறம் 16 வருஷம் எங்களோட இருந்தார். அந்த மாதிரி ராத்திரி இன்னொன்னு வரவே இல்லை.

19/
ஆறாவது, ஏக்கம் வந்தா காரணம் பாருங்க. மதியம் சரியாச் சாப்பிடலையா? நேத்து ராத்திரி அஞ்சு மணி நேரம்தான் தூக்கமா? தூக்கம் குறைஞ்சா பசியைத் தூண்டற கிரெலின் கூடும், போதும்னு சொல்ற லெப்டின் குறையும். அப்போ மூளை கேட்கறது இனிப்பும் பொரிச்சதும்தான். நைட் டியூட்டி முடிஞ்ச காலையில எனக்கும் கேட்கும். அந்த நேரத்துல ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு டம்ளர் மோர், ஒரு கொய்யா. இருபது நிமிஷம் கழிச்சும் ஸ்வீட் வேணும்னு தோணுச்சுன்னா ஞாயிற்றுக்கிழமைக் கணக்குல எழுதிக்குவேன்.

20/
பண்டிகை? தீபாவளிக்கு வர்ற டப்பாவுல பத்து வகை இருக்கும். நமக்கு நிஜமாவே பிடிச்சது ரெண்டுதான். அதை எடுங்க. மிச்சத்தை "சும்மா இருக்கே"ன்னு வாயில போடாதீங்க. எங்க வீட்டு அதிரசத்துக்கு நான் எப்பவும் இடம் வைப்பேன். கலர் கலரா வர்ற டப்பா ஸ்வீட்டுக்கு வைக்க மாட்டேன்.

21/
அடிக்கடி வர்ற சந்தேகங்கள்.

நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி? ருசி வேற, மணம் வேற. கலோரி கிட்டத்தட்ட அதேதான். தேன்ல தண்ணி இருக்கறதால கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். "இது இயற்கை"ன்னு ரெண்டு ஸ்பூன் கூடுதலாப் போட்டா நஷ்டம் நமக்கு.

சுகர் ஃப்ரீ ஸ்வீட்? சீனி இருக்காது. நெய், கோவா, முந்திரி எல்லாம் இருக்கும். அதுக்கும் கலோரி உண்டு. சிலதுல சேர்க்கற மால்டிடால் அதிகமாப் போனா வயிறு கலங்கும்.

22/
செயற்கை இனிப்பு மாத்திரை? எடை குறைக்கறதுக்காக அதை நம்பி இருக்க வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் 2023ல பரிந்துரைச்சது. ஏற்கெனவே சர்க்கரை நோய் இருக்கறவங்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. அவங்க தங்களோட டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

பழம்? முழுசா சாப்பிடுங்க. கொய்யா, பப்பாளி, ஆரஞ்சு. ஜூஸ் ஆக்கினா நாலு பழத்தோட சர்க்கரை ஒரு டம்ளர்ல வந்துடும், நார்ச்சத்து பெரும்பாலும் சக்கையோட போயிடும். பேரீச்சை நல்லதுதான், ஆனா அதுவும் செறிவான இனிப்பு. ரெண்டு எடுங்க, டப்பாவோட உக்காராதீங்க.

23/
முக்கியமான எச்சரிக்கை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கறவங்க இந்தத் திரெட்டைப் பார்த்துத் தானா எதையும் மாத்தாதீங்க. என்ன சாப்பிடறீங்கன்னு உங்க டாக்டர்கிட்ட உள்ளது உள்ளபடி சொல்லுங்க. திடீர்னு ஸ்வீட்டையோ சாப்பாட்டையோ குறைக்கறதா இருந்தா முன்கூட்டியே சொல்லுங்க, மருந்தைக் குறைக்க வேண்டி வரலாம்.

வேர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் வந்தா உடனே சர்க்கரை பாருங்க. 70க்குக் கீழே இருந்தா, விழுங்க முடிகிற நிலையில இருந்தா, மூணு நாலு ஸ்பூன் சீனி கரைச்ச தண்ணி கொடுங்க. 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. பார்க்கக் கருவி இல்லைன்னா காத்திருக்காம சீனித் தண்ணியைக் கொடுத்துடுங்க. நினைவு இல்லைன்னா வாயில எதையும் ஊத்தாதீங்க, நேரா ஆஸ்பத்திரி.

24/
கடைசியா வீட்ல இருக்கறவங்களுக்கு.

எடை குறைக்கப் பாடுபடற மனைவியையோ கணவரையோ மகளையோ நாலு பேர் முன்னாடி "இதையெல்லாம் நீ சாப்பிடலாமா?"ன்னு கேட்காதீங்க. அன்னைக்கு அவங்க அந்த லட்டைத் தட்டுல வச்சுடுவாங்க. அப்புறம் உங்களுக்குத் தெரியாம ரெண்டு சாப்பிடுவாங்க. அதுக்குப் பதிலா, "ஞாயித்துக்கிழமை என்ன ஸ்வீட் வாங்கலாம்? ரெண்டு பேரும் பாதிப் பாதி எடுத்துக்கலாம்"னு கேட்டுப் பாருங்க. அவங்க நாலு ஸ்பூனை ரெண்டா குறைச்சா, நீங்களும் ஒண்ணு குறைங்க.

25/
சரி, முதல்ல எண்ணி வச்ச ஸ்பூன் கணக்கு என்ன ஆச்சு? அதை ஒரு நாளைக்கு நீங்க குடிக்கிற டீ, காபி எண்ணிக்கையால பெருக்குங்க. 4ஆல பெருக்குங்க. அத்தனை கிராம் சீனி. 25ஐத் தாண்டினா, ஸ்வீட் கடையில கை வைக்கறதுக்கு முன்னாடி டம்ளர்ல கை வைங்க.

இன்னைக்கு இந்த ஒண்ணு போதும். வீட்ல அம்மா அப்பாவோட கணக்கையும் போட்டுப் பாருங்க, திட்டாம.

உங்க கணக்கைக் கீழே எழுதுங்க. முடிஞ்ச வரைக்கும் பதில் சொல்றேன்.